கத்தி வெட்டவில்லையா? புதிது வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

கத்தி சரியில்லை என்றதும் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்துவிடுகிறோம். இரண்டு மாதத்தில் அதுவும் பழையவற்றோடு டிராயரில் போய்ச் சேர்கிறது. நான்கு மொக்கைக் கத்திகள் இருக்கும் வீட்டில் ஒரு தக்காளியை ஒழுங்காக நறுக்க முடியாது. பெரும்பாலும் கத்தியில் தப்பு இருக்காது. கத்தியின் வாய் (வெட்டுகிற ஓரம்), அதற்கு அடியில் கிடக்கும் பலகை, கழுவி வைக்கும் விதம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு. விலை குறைந்த கத்தியே ஆனாலும் மெல்லியதாகவும், வீட்டிலேயே தீட்டக் கூடியதாகவும் இருந்தால் அன்றாடச் சமையலுக்குத் தாராளமாகப் போதும்.

கத்தியை மாற்றியே தீர வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். எதை வாங்குவது என்பது கடைசியில்.

முதலில் இரண்டு நிமிடச் சோதனை

கத்தியைக் கழுவித் துடைத்து, வாய் மேல்பக்கம் வரும்படி பிடியுங்கள். டியூப்லைட்டோ செல்போன் டார்ச்சோ இருக்கும் பக்கம் திருப்பி, அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். கூரான வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. அங்கே ஒன்றும் தெரியாது. எங்கே மெல்லிய வெள்ளிக் கம்பி போல மினுக்குகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, செய்தித்தாளில் ஒரு பக்கத்தை ஒரு கையில் தொங்கவிட்டுப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை இழுத்து வெட்டுங்கள். தாள் வெட்டுப்படாமல் மடங்கினால் அல்லது கிழிந்தால் கத்தி மழுங்கிவிட்டது. சரசரவென்று போய்க்கொண்டிருந்து ஒரே இடத்தில் மட்டும் சிக்கினால் அங்கே வாய் சிறிதாக உடைந்து பல் விழுந்திருக்கிறது, அல்லது தீட்டியபோது வாயில் எழும்பிய மெல்லிய இரும்புப் பிசிறு போகாமல் நிற்கிறது. தாளை அழகாக வெட்டிவிட்டு கேரட்டில் போய்த் திணறினால் கூர்மையில் குறையில்லை, கத்தியின் கனம், அதாவது தடிமன்தான் பிரச்சினை. அந்த மூன்றாவது வகையை எத்தனை முறை சாணை பிடித்தாலும் பலன் இருக்காது என்பதால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போக வேண்டாம்.

தக்காளித் தோலில் வழுக்குகிறது, கொத்தமல்லி நசுங்கிக் கறுக்கிறது, வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: மழுங்கல். கூரான வாய் வெங்காயத்தின் செல்களைப் பிளந்துகொண்டு போகும். மழுங்கிய வாய் நசுக்கிக்கொண்டு போகும், அதனால் சாறும் காரமும் கூடுதலாகக் கிளம்பும். கொத்தமல்லியை நறுக்கிய பிறகு பலகையில் பச்சைச் சாயம் இறங்கியிருந்தால் இலையின் சாறு அங்கேயே போய்விட்டது.

மழுங்கல் இரண்டு விதம். வாய் ஒரு பக்கமாக மடங்கிப் போயிருக்கலாம், அல்லது தேய்ந்து உருண்டிருக்கலாம். மலிவு விலைக் கத்திகளில் இரும்பு மென்மையானது என்பதால் முதலில் மடங்குவதுதான் நடக்கும். மடங்கியதை நிமிர்த்த சாணைக்கல்கூடத் தேவையில்லை. ஊறுகாய் ஜாடியையோ பீங்கான் கோப்பையையோ கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாமல் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். அதை நனைத்து, கத்தியைச் சாய்த்து வைத்து, வளையத்தை மெல்லச் சீவுவது போல ஒரு பக்கம் ஐந்து இழுப்பு, மறுபக்கம் ஐந்து. அழுத்தவே வேண்டாம், கத்தியின் எடையே போதும். இதில் தக்காளி வெட்டுப்பட்டால் வேலை முடிந்தது. வாரம் ஒரு முறை இதைச் செய்தாலே மலிவுக் கத்தி மாதக்கணக்கில் ஓடும்.

ஜாடி வளையத்தில் சரியாகவில்லை என்றால் வாய் தேய்ந்துவிட்டது, கல்லில் தீட்ட வேண்டும். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் வெவ்வேறு சொரசொரப்புள்ள கார்போரண்டம் கல் கிடைக்கும். (நம் ஊரில் இந்தக் கல்லுக்கே கார்போரண்டம் என்று பெயர் நின்றுவிட்டது. கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்.) சமையல் கத்திக்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் உள்ள கல் சரியாக இருக்கும். எண் சிறியதாக இருந்தால் கல் முரடு. துருப்பிடித்த அரிவாளுக்கு வைத்திருக்கும் முரட்டுக் கல்லில் காய் நறுக்கும் கத்தியைத் தேய்த்தால் வாய் ரம்பம் போலாகிவிடும்.

1. கல்லுக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள், நகரக் கூடாது. கல் மேல் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விடுங்கள்.

2. கத்தி வாயின் ஓரத்தில் இரண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை முழுவதும் போயிருந்தால் சாய்வு சரி. வாய் ஓரத்தில் மை நின்றால் கத்தியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். மேல் பகுதியில் நின்றால் கொஞ்சம் படுக்க வைக்க வேண்டும்.

3. சாய்வைக் கண்ணளவில் பிடிக்க ஒரு கணக்கு: கத்தியின் அகலம் எவ்வளவோ அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். 4.5 செ.மீ. அகலக் கத்தி என்றால் முதுகு கல்லிலிருந்து 1.5 செ.மீ. மேலே. 2 செ.மீ. அகலச் சின்னக் கத்தி என்றால் 7 மி.மீ. சற்றுக் குறைய. இது ஏறக்குறைய 20 டிகிரி. மென்மையான இரும்புக்கு இதைவிடப் படுக்க வைத்துத் தீட்டினால் முதல் நாள் பிளேடு போல வெட்டும், மூன்றாம் நாள் மடங்கிவிடும்.

4. முரட்டுப் பக்கத்தில் ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே இருங்கள். எத்தனை முறை என்று எண்ண வேண்டாம். மறுபக்கத்தில் பிசிறு எழும்பும் வரை என்பதுதான் கணக்கு. பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகிற மாதிரி நகர்த்தினால் நகத்தில் சிக்குகிற மாதிரி ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அது இருக்க வேண்டும். வாயின் நெடுகே விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

5. திருப்பி, மறுபக்கமும் அதே போல. பிறகு கல்லின் மெல்லிய பக்கத்தில் இரண்டு பக்கமும். தொடக்கத்தில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்தம், முடிவில் கால் கிலோகூட வேண்டாம். கல்லைச் சமையலறைத் தராசில் வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தால் கைக்கு அளவு பழகிவிடும்.

6. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு, பூப் போல. இந்தப் படிதான் பிசிறை எடுக்கும். பிறகு பழைய தோல் பெல்ட்டிலோ நாலாக மடித்த செய்தித்தாளிலோ முதுகு முன்னே போகும்படி ஐந்தாறு முறை இழுங்கள்.

முதல் தடவை அரை மணி நேரம் ஆகலாம். பழகினால் கால் மணிக்குள் முடியும்.

அம்மிக்கல், துவைக்கிற கல், சமையல் மேடை கிரானைட் ஓரம் இவற்றில் தேய்ப்பது பற்றி: அவசரத்துக்கு வெட்டும், அவ்வளவுதான். கல்லின் மணிகள் சீராக இல்லாததால் வாய் கீறல் கீறலாகும். சாய்வும் ஒவ்வொரு இழுப்புக்கும் மாறும்.

ரம்பப் பல் கத்தியைத் தட்டையான கல்லில் தீட்ட முடியாது. பல் வெட்டாத தட்டைப் பக்கத்தை மட்டும் கல்லில் படுக்க வைத்து நான்கைந்து முறை இழுத்தால் சில மாதம் தள்ளலாம். அதற்கு மேல் மாற்றிவிட வேண்டியதுதான்.

சாணை பிடித்தால் இரண்டே நாளில் மறுபடி மழுங்குகிறது

அதிகம் கேட்கிற புகார் இது. நான்கு காரணங்கள் உண்டு, இந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஒன்று, பலகை. கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, இப்போது எல்லா இடத்திலும் விற்கிற ஸ்டீல் கட்டிங் போர்டு, இவை எல்லாம் கத்தியின் எதிரிகள். கத்தி வாயைவிடக் கடினமானது, அல்லது அதற்குச் சமமான கடினமுள்ளது எதுவானாலும் ஒவ்வொரு வெட்டிலும் வாயை மடக்கும். சுத்தம் என்ற பெயரில் ஸ்டீல் போர்டு வாங்கியவர்கள், கத்தி சரியில்லை என்று அதற்கு அப்புறம்தான் புலம்ப ஆரம்பித்திருப்பார்கள். நாளையும் கிழமையையும் எண்ணிப் பாருங்கள். கறிக்கடையில் இன்றைக்கும் புளியமரக் கட்டைதான் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க வெட்டினாலும் கட்டை சிதறாது, கத்தி வாயும் தாங்கும். வீட்டுக்கு 25-க்கு 35 செ.மீ. மரப் பலகையோ கனமான பிளாஸ்டிக் பலகையோ போதும். மூங்கில் பலகை மரத்தைவிடக் கொஞ்சம் கடினம். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா கலந்திருப்பதால் வாய் சற்றுச் சீக்கிரம் தேயும். இரண்டும் கண்ணாடிக்கு எவ்வளவோ மேல்.

பலகையே இல்லாமல் தாம்பாளத்தின் மேல் கையில் பிடித்து நறுக்குகிறவர்கள் கத்தியின் நுனியைக் கவனியுங்கள். அங்கே மட்டும் மினுக்கினால் நுனி ஒவ்வொரு முறையும் தட்டில் இடிக்கிறது. நறுக்கிய காயைக் கத்தி வாயால் பலகையிலிருந்து வழித்துத் தள்ளுவதும் அதே கேடுதான். முதுகைத் திருப்பி வழித்தால் போதும், காசு செலவில்லாத வைத்தியம்.

இரண்டு, பிசிறு. தீட்டியதும் அபாரமாக வெட்டி, ஒரே சமையலில் மழுங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு அது பிசிறின் வேலை. வாயில் ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய இரும்புத் தகடுதான் வெட்டியது. அது மடங்கியதும் கதை முடிந்தது. மேலே சொன்ன ஆறாவது படியை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

மூன்று, சூடு. தெருவில் வரும் சாணைக்காரர் வறண்ட சக்கரத்தில் பிடித்துத் தரும்போது பொறி பறக்கும். பார்க்க நன்றாக இருக்கும், கத்திக்கு நல்லதில்லை. சமையல் கத்தியின் வாய் தாள் போல மெல்லியது. அங்கே ஏறும் சூடு எங்கேயும் போக வழியில்லை. பட்டறையில் பழுக்கக் காய்ச்சிக் குளிரவைத்து ஏற்றிய பதம், அதாவது தோய்ச்சல், அந்தச் சூட்டில் இறங்கிவிடும். வாய் ஓரத்தில் வைக்கோல் நிறமோ நீல நிறமோ பாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கத்தி போய்விடவில்லை, சூடு பட்ட ஒன்றிரண்டு மி.மீ. மட்டும்தான் போயிருக்கிறது. கல்லில் தீட்டத் தீட்ட அந்தப் பகுதி தேய்ந்து, உள்ளிருக்கும் நல்ல இரும்பு வெளியே வரும். அடுத்த முறை சாணைக்காரரிடம் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை நனைக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் நீங்கள் சொல்லாமலே செய்வார்.

நான்கு, இரும்பு. முதல் மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள். ஒரு காந்தத்தைக் கத்தி அலகில் வையுங்கள், ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் பொம்மைக் காந்தமே போதும். கப்பென்று ஒட்ட வேண்டும். ஒட்டவே இல்லை, அல்லது பட்டும் படாமலும் ஒட்டுகிறது என்றால் அது கரண்டி, தட்டு செய்கிற 18/8 ரக ஸ்டீல். துருப்பிடிக்காது, ஆனால் எவ்வளவு காய்ச்சினாலும் பதம் ஏறாது. அதில் கத்தி செய்து விற்கிறார்கள் என்பதுதான் வேதனை. அதைத் தீட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். பலாப்பழத்தில் பிசின் வழிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அப்போது அந்த ஊர்க் கத்திக்காரர்கள் 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைக் கேலி செய்தார்களாம். பதம் போடும் முறை பிடிபட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. துருப்பிடிக்காத கத்தி நன்றாக வெட்ட வேண்டுமானால் அதில் குரோமியத்தோடு கார்பனும் போதுமான அளவு இருக்க வேண்டும், பதமும் சரியாக ஏறியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெறும் பளபளப்புதான் மிஞ்சும்.

நறுக்கிய பீன்ஸ் மாலை போலத் தொங்குகிறது

வெட்டினோம் என்று நினைத்துத் தூக்கினால் எல்லாத் துண்டும் அடியில் ஒரு நூல் பிடித்துக்கொண்டு கூடவே வரும். கத்தி கூராகவே இருக்கும். வாய் முழுவதும் பலகையைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பலகையைப் பாருங்கள். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்திக் குறுக்கே வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? நடுவில் குழிந்த பலகை இது. ஒரு பக்கம் மட்டும் நனைத்து, நனைத்த பக்கத்தையே காய வைப்பதால் மரம் வளையும். மறுபக்கம் திருப்பிப் பயன்படுத்துங்கள், இனிமேல் இரண்டு பக்கமும் நனைத்துக் கழுவி நிமிர்த்திச் சாய்த்துக் காய வையுங்கள்.

பலகை சரியாக இருந்தால் கத்தியை அதன் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். கத்தியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் வாயின் ஒவ்வொரு இடமும் ஒரு கணம் பலகையைத் தொட வேண்டும். பிடிக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி போகாமலே நின்றால் அங்கே குழி விழுந்திருக்கிறது. இழுத்தால் கூராகும் என்று விற்கிற வி வடிவச் சாணைக் கருவியின் கைங்கரியம் இது. எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி இழுப்பதால் அங்கே இரும்பு கூடுதலாகச் சீவப்படுகிறது. அந்தக் கருவியை முழுக்கத் தள்ளிவைக்கத் தேவையில்லை. ஐம்பது நூறு ரூபாய்க் கத்திக்கு, கல்லில் உட்கார நேரம் இல்லாத வீட்டில், அது உதவும்தான். ஆனால் அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. நல்ல கத்தியை அதில் விடாதீர்கள். குழியைச் சரிசெய்ய, கத்தியை நட்டுக்குத்தாக முரட்டுக் கல்லில் வாய் படும்படி நிறுத்தி, குழி மறையும் வரை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். வாய் முழுவதும் மொட்டையாகிவிடும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு முதலிலிருந்து தீட்டுங்கள்.

வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால், அதாவது வெள்ளரிக்காய் வட்டம் மேலே மெல்லிசாகவும் கீழே தடியாகவும் வந்தால், ஒரு பக்கம் மட்டும் அதிகம் தீட்டியிருக்கிறீர்கள். சரிவு குறைவாக உள்ள பக்கத்தை மட்டும் கொஞ்ச நாள் தீட்டுங்கள்.

கேரட் 'டக்' என்று பிளக்கிறது, சேனைக்கிழங்கில் கத்தி மாட்டிக்கொள்கிறது

கத்தி பாதி இறங்கியதும் காய் மீதியைத் தானாக உடைத்துக்கொள்ளும். வெட்டிய முகம் வழவழப்பாக இல்லாமல் உடைந்த கல் போல இருக்கும். பரங்கிக்காயில் கத்தி நின்றுபோய், அதைத் தூக்கினால் காயும் கூடவே வரும். இவை எல்லாம் தடித்த கத்தியின் வேலை. ஆப்பு போல உள்ளே இறங்கிப் பிளக்கிறது, அறுப்பதில்லை.

முதுகின் கனம் மட்டும் இதைச் சொல்லாது. வாய்க்கு ஒட்டிச் சற்று மேலே இரண்டு விரலால் கவ்விப் பாருங்கள், அந்த இடத்தின் கனம்தான் முக்கியம். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ. வாய்க்கு ஒட்டி மேலே நான்கு தாள் அடுக்கின் கனம் இருந்தால் அருமையான கத்தி. எட்டு, பத்துத் தாள் அளவுக்குத் தடித்திருந்தால் காய்கறிக்கு ஆகாது. விலை அதிகம், பார்க்க உறுதியாக இருக்கிறது என்று வாங்கும் பல கத்திகள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். தாய்லாந்தில் செய்யும் கிவி கத்திகள் தகடு போல இருக்கும், இரும்பும் மென்மைதான். ஆனாலும் இந்த மெல்லிசு ஒன்றுக்காகவே சிங்கப்பூர், மலேசியா வீடுகளில் பிரியமாக வைத்திருக்கிறார்கள்.

இருக்கிற தடித்த கத்தியை மெலிய வைக்க முடியுமா? முடியும்: முரட்டுக் கல்லில் 5 டிகிரிக்கும் குறைவாக, ஏறக்குறையப் படுக்க வைத்து, மணிக்கணக்கில். மலிவுக் கத்திக்கு அந்த உழைப்பு வீண். அதைத் தேங்காய்ப் பத்தை நெம்பவும் பொட்டலம் பிரிக்கவும் வைத்துக்கொண்டு, மெல்லிய கத்தி ஒன்று வாங்குங்கள்.

உருளைக்கிழங்கு வில்லை அலகில் ஒட்டுவது ஒரு குறையே அல்ல. அதைத் தடுக்க அலகில் ஓட்டை போட்டு விற்கிறார்கள். ஒட்டுவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஓட்டையில் மாவு அடைத்துக் கழுவ இன்னொரு வேலை.

வாயில் பல் விழுந்திருக்கிறது

கோழி எலும்பு, தேங்காய் ஓடு, ஃபிரீசரிலிருந்து நேராக எடுத்த மீன், கருப்பட்டி. இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். மெல்லிய கத்தியின் விலையே இதுதான்: அது நன்றாக அறுக்கும், முரட்டு வேலை தாங்காது. கத்தியை எலும்பில் இறக்கித் திருகுவது இன்னும் மோசம். தேங்காய்க்கும் எலும்புக்கும் ஒரு அரிவாள் தனியாக வையுங்கள். பெரிய மீனுக்கும் பலாப்பழத்துக்கும் அரிவாள்மனையை மிஞ்சியது இல்லை. இரண்டு கையும் சும்மா இருப்பதே அதில் பெரிய லாபம்.

அரை மி.மீ. ஆழத்துக்குள் உள்ள பல் இரண்டு மூன்று தடவை தீட்டியதும் தானே மறைந்துவிடும், துரத்த வேண்டாம். ஒரு மி.மீ.க்கு மேல் என்றால் மேலே குழிக்குச் சொன்ன மாதிரி நட்டுக்குத்தாகத் தேய்த்து எடுங்கள். நுனி உடைந்திருந்தால் வாய்ப்பக்கம் தேய்க்காதீர்கள். முதுகுப் பக்கத்தைக் கல்லில் சரிவாகத் தேய்த்து நுனியைக் கீழே கொண்டு வாருங்கள், கத்தியின் உருவம் கெடாது.

சந்தையில் ஆக்சா பிளேடில் பிடி போட்டு விற்கிற கத்திகள் மிகக் கடினமானவை. கூர் நாள்பட நிற்கும். கீழே விழுந்தால் கண்ணாடி போல முறியவும் செய்யும். வண்டிகளின் வில்பட்டை (ஸ்பிரிங் பட்டை) இரும்பில் பட்டறைக்காரர் அடித்துத் தரும் கத்தியில் அந்தப் பயம் குறைவு.

துரு, கறுப்புப் புள்ளி, காய் கறுத்துப் போவது

ஸ்டெயின்லெஸ் கத்தியில் துருவா என்று கேட்கலாம். உப்பும் புளியும் ஒட்டியபடி இரவு முழுக்கச் சிங்க்கில் கிடந்தால் அதிலும் குண்டூசி முனை அளவு குழிகள் விழும். இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துணுக்குகள் கத்தியில் ஒட்டி அவை துருப்பிடிக்கும். பழி கத்தி மேல் விழும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் கால் மணி வைத்து, துணியால் நீளவாக்கில் தேயுங்கள். பெரும்பாலும் போய்விடும். இனிமேல் வேலை முடிந்த கையோடு கழுவித் துடைத்து வைத்தாலே போதும், தனிப் பராமரிப்பு எதுவும் வேண்டாம்.

பட்டறைக் கத்தியும் பழைய அரிவாள்மனையும் சாதாரண இரும்பு. துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவி வைக்க வேண்டும். நாளாக ஆக வாயில் படரும் சாம்பல் நீலப் படலம் துரு அல்ல, அது பாதுகாப்பு. அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். செம்மண் நிறத்தில் விரலில் ஒட்டினால்தான் துரு.

வாழைக்காய், வாழைப்பூ கறுப்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. மெல்ல மெல்லப் பழுப்பாவது காற்றுப் படுவதால். எந்தக் கத்தியில் நறுக்கினாலும் நடக்கும், மோர்த் தண்ணீரில் போட்டால் நிற்கும். வெட்டிய உடனே கத்தி பட்ட இடத்தில் மை போல நீலக் கறுப்பு ஏறினால் அது காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்ததால். மோர் இதைக் காப்பாற்றாது. வாழைக்காய்க்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் கத்தியை எடுங்கள்.

பிடி ஆடுகிறது, கை வலிக்கிறது

பிளாஸ்டிக் பிடிக்குள் அலகு சுழன்றாலோ ஆடினாலோ சரிசெய்ய முயல வேண்டாம், வீசிவிடுங்கள். அழுத்தி வெட்டும்போது அலகு திரும்பினால் விரல் போகும். மரப் பிடியில் ரிவிட் தளர்ந்திருந்தால் எப்பாக்ஸி பசை வைத்து இறுக்கலாம். அதற்கு முன் இடுக்கில் சேர்ந்த அழுக்கைக் கழுவி இரண்டு நாள் காய விட வேண்டும். பிடியில் நாற்றம் வந்தால் அந்த இடுக்குதான் காரணம்.

மணிக்கட்டு வலித்தால் முதலில் கூர்மையைப் பாருங்கள். கூராக இருந்தும் வலித்தால், பலகையில் நறுக்கும்போது விரல் முட்டி பலகையில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். இடித்தால், அகலம் குறைந்த சின்னக் கத்தியால் பலகையில் குவியல் குவியலாக வெங்காயம் நறுக்குகிறீர்கள். வேலைக்குப் பொருந்தாத கத்தி.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால்

இரண்டே கத்தி. கையில் பிடித்து நறுக்கவும் தோல் சீவவும் 8 முதல் 11 செ.மீ. அலகுள்ள சிறியது ஒன்று. பலகையில் நறுக்க 15 முதல் 18 செ.மீ. நீளமும் 4 செ.மீ.க்குக் குறையாத அகலமும் உள்ளது ஒன்று. வீட்டில் யாரும் தீட்டப் போவதில்லை என்றால் சிறியதை ரம்பப் பல்லாக வாங்குங்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் 11 செ.மீ. தக்காளிக் கத்தி இந்த வகைக்கு நல்ல மாதிரி. தீட்டாமலே நெடுநாள் ஓடும். ஆறு கத்தி, கத்தரிக்கோல், மரக் கட்டை என்று செட்டாக வருவதை வாங்க வேண்டாம். அதில் நான்கு கத்திகள் கட்டையை விட்டு வெளியே வராது. அந்தக் காசில் ஒரு கத்தியும் ஒரு சாணைக்கல்லும் வாங்கலாம்.

பெட்டியில் இரும்பின் ரகம் அச்சிட்டிருந்தால் முதல் எண்ணைப் பாருங்கள். 3சிஆர்13 என்றால் கார்பன் சுமார் 0.3 சதவீதம், சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். 5சிஆர்15எம்ஓவி, எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 என்று இருந்தால் சுமார் 0.5 சதவீதம். விலைக்கு ஏற்ற சரியான இடம் அதுதான். கடினத்தை ராக்வெல் எண்ணில் போட்டிருந்தால் 54 முதல் 57 வரை நம் சமையலுக்குப் பொருத்தம். 60-க்கு மேல் போனால் கூர் நிற்கும், ஆனால் முருங்கைக்காயையும் எலும்பையும் ஒரே கத்தியில் போடுகிற வீட்டில் பல் விழும். எண் எதுவும் இல்லாமல் 'ஹை கார்பன்' என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. அலகில் லேசரால் வரைந்த அலை அலையான கோடுகளுக்கும், கறுப்பு, ஊதா வண்ணப் பூச்சுக்கும் தனியாகக் காசு தர வேண்டாம். பூச்சு முதல் தீட்டலிலேயே வாய் ஓரத்தில் போய்விடும்.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் துப்பாக்கி குறி பார்ப்பது போல முதுகு வழியே பாருங்கள். அலகு நேராகப் போக வேண்டும். காந்தத்தைப் பையில் கொண்டு போயிருந்தால் வைத்துப் பாருங்கள். வாய் ஓரத்தைக் கவ்விக் கனம் பாருங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நகத்தை நுழைத்துப் பாருங்கள். நகம் நுழைந்தால் நாளைக்குத் தண்ணீரும் நுழையும். தாளை வெட்டிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை என்றால் பரவாயில்லை. மலிவுக் கத்தி பலவற்றில் ஆலையில் வைத்த கூர் சுமாராகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றைக்கே, வெட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, கல்லின் மெல்லிய பக்கத்தில் பக்கத்துக்கு இருபது இழுப்பு இழுத்து, பிசிறை எடுத்துவிட்டு அப்புறம் தக்காளியில் வையுங்கள்.